உடலோடு எழுந்தவர்



பாஸ்கா காலத்தின் மூன்றாம் ஞாயிறாகிய இன்று நாம் கேட்ட நற்செய்தி, யோவான் 21ஆம் அதிகாரம், தொடக்கம் முதல் முடிவு வரை திபேரியக் கடலின் கரையோரத்தில் நடக்கிறது. சீமோன் பேதுரு மீன் பிடிக்கப் போவதாகச் சொல்கிறார். உடனிருந்த சீடர்கள் அறுவரும் படகேறுகிறார்கள். இரவு முழுக்க வலை வீசியும் ஒரு மீன்கூடப் படவில்லை. விடியும் நேரத்தில் கரையில் ஒருவர் நின்றுகொண்டு, ஏதாவது கிடைத்ததா என்று கேட்கிறார்.

கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். இப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. தொழிலுக்குப் போகாத வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஏழு பேரும் அப்படிப்பட்ட வெறுங்கையோடுதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னபடி வலப்பக்கம் வலையைப் போட்டார்கள். 153 பெரிய மீன்கள். யோவான் எண்ணிக்கையை மறக்காமல் எழுதுகிறார். வலை கிழியவில்லை என்பதையும் எழுதுகிறார். கடல்தொழில் செய்கிறவன் இந்த இரண்டையும்தான் முதலில் பார்ப்பான்.

அதன் பிறகு அவர்கள் கரையேறிக் கண்டதை நினைத்துப் பாருங்கள். கரி நெருப்பு மூட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் அப்பம் இருக்கிறது. சாவை வென்ற ஆண்டவர், விண்ணும் மண்ணும் யாருக்குக் கீழ்ப்பட்டிருக்கின்றனவோ அவர், பசியோடு வருகிற ஏழு பேருக்குக் காலைச் சாப்பாடு தயார் செய்துவிட்டுக் காத்திருக்கிறார். உயிர்த்தபின் அவர் செய்த காரியங்களுள் என் நெஞ்சை அதிகம் தொடுவது இதுதான். பேதுரு மூன்று முறை மறுதலித்ததும் ஒரு கரி நெருப்பின் பக்கத்தில்தான். மூன்று முறை அன்பை அறிக்கையிட்டதும் ஒரு கரி நெருப்பின் பக்கத்தில்தான். ஆனால் என்னை அன்பு செய்கிறாயா என்று கேட்ட அந்தக் கேள்விகளுக்கு முன்னால் ஆண்டவர் அவரைச் சாப்பிட வைத்தார். நடந்த வரிசை அது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? உயிர்த்த இயேசு உடலோடு உயிர்த்தார். தீ மூட்டுகிற கைகள் அவருக்கு இருந்தன. லூக்கா நற்செய்தியில் சீடர்கள் ஆவியைக் காண்பதாக எண்ணி நடுங்கியபோது, வேக வைத்த மீன் துண்டைக் கேட்டு வாங்கி அவர்கள் கண்முன் உண்டார். தோமாவிடம் ஆணித் தழும்பைக் காட்டினார். நம் மயிலாப்பூர் மண்ணோடு மரபு இணைத்துச் சொல்லும் அந்தத் திருத்தூதர், தழும்பு இல்லாத ஆண்டவரை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்றவர். ஆண்டவர் அவரைக் கடிந்துகொண்டாலும் தழும்பைக் காட்ட மறுக்கவில்லை. மகிமை பெற்ற உடலிலும் காயங்கள் அப்படியே இருக்கின்றன. அவர் பட்ட எதுவும் அழிக்கப்படவில்லை.

நம் வீடுகளில் சாவு நேரும்போது நாம் பேசுவதைக் கவனித்திருக்கிறேன். கூடு கிடக்கிறது, உயிர் பறந்துவிட்டது என்கிறோம். ஆத்துமா சாந்தியடையட்டும் என்று சுவரொட்டி அடிக்கிறோம். இவற்றில் பிழை காண நான் வரவில்லை. ஆன்மாவுக்காகச் செபிப்பது நம் கடமை. ஆனால் ஞாயிறுதோறும் எழுந்து நின்று நாம் சொல்லும் நம்பிக்கை அறிக்கை ஆன்மாவோடு நின்றுவிடுவதில்லை. இறந்தோர் உடலோடு உயிர்ப்பர் என்றும் அதில் அறிக்கையிடுகிறோம். வாய் அதைச் சொல்கிறது. மனம் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. நம் நம்பிக்கையின் மையத்தையே நாம் பாதியாகக் குறைத்துவிட்டோமோ என்பதுதான் இன்று எனக்குள்ள கவலை.

இந்தத் தடுமாற்றம் புதிதல்ல. ஏதென்சு நகரில் பவுல் பேசியபோது, இறந்தவர் உயிர்த்தெழுதல் என்ற பேச்சு வந்ததுமே சிலர் ஏளனம் செய்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரம் சொல்கிறது. கொரிந்து நகர்த் திருச்சபையிலும் அதே குழப்பம் எழுந்தது. கிறிஸ்து உயிர்த்ததை அவர்கள் ஏற்றார்கள். ஆனால் செத்துப்போன மனிதர்கள் எழுவார்கள் என்பதைச் சிலர் ஏற்கவில்லை. ஏறத்தாழ 55ஆம் ஆண்டில், ஆண்டவர் உயிர்த்து 25 ஆண்டு கழிந்திருந்த காலத்தில், பவுல் அவர்களுக்கு எழுதினார். முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் முழுமையாக வாசியுங்கள். கேபா, பன்னிருவர், ஒரே வேளையில் 500க்கும் மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு என்று சாட்சிகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்த 500 பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். சந்தேகம் இருந்தால் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். பிறகுதான் அந்தக் கடுமையான வாதம் வருகிறது. இறந்தோர் உயிர்ப்பதில்லை என்றால் கிறிஸ்துவும் உயிர்க்கவில்லை. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நாங்கள் அறிவிப்பதும் வீண், நீங்கள் நம்புவதும் வீண், எல்லாரிலும் இரங்கத்தக்கவர்கள் நாமே. பவுல் தப்பிக்க வழியே வைக்கவில்லை. உயிர்ப்பு இல்லாத கிறிஸ்தவம் நல்ல அறநெறியாகவாவது மிஞ்சும் என்று அவர் சொல்லவில்லை. ஒன்றும் மிஞ்சாது என்றார்.

முதல் சாட்சிகள் பெண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து யூத சமூகத்தில் பெண் சொல்லும் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவு. கதை கட்ட நினைத்தவன் மகதலா மரியாவைக் கல்லறையில் கொண்டுபோய் நிறுத்தியிருக்க மாட்டான். நடந்தது அப்படி என்பதால்தான் நான்கு நற்செய்தியாளரும் அப்படி எழுதினார்கள்.

இலாசரும் நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனும் எழுப்பப்பட்டார்களே என்று கேட்பீர்கள். அவர்கள் இந்த வாழ்வுக்குத் திரும்பி வந்தார்கள், மறுபடியும் செத்தார்கள். இயேசு திரும்பி வரவில்லை, சாவைக் கடந்து அப்பால் போனார். அவரைச் சாவு இனி ஆள முடியாது. புனித அகுஸ்தீன் தம் காலத்திலேயே, கிறிஸ்தவ நம்பிக்கையில் உடலின் உயிர்ப்பைப் போல எதிர்ப்புக்கு உள்ளாகும் வேறொன்று இல்லை என்று கண்டு சொன்னார். ஆன்மா அழியாது என்பதைப் பல ஞானிகள் ஒப்புக்கொண்டார்கள். இந்தச் சதை எழும் என்றதும் விலகிப் போனார்கள்.

சகோதர சகோதரிகளே, இந்தச் சதை எழும் என்பதைக் கடலூர் மண்ணில் நின்று சொல்வது எளிதல்ல. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், திருக்குடும்ப விழா. அன்று காலை கடல் எழுந்து வந்தது. நம் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், பரங்கிப்பேட்டைப் பகுதி, கிள்ளைப் பக்கத்துத் தீவுக் குப்பங்கள் என்று கரை நெடுக ஓலம். பலரை ஒரே குழியில் வைத்து மூட வேண்டியிருந்தது. சிலர் கிடைக்கவே இல்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். கடல் யாருடைய சமயத்தையும் கேட்கவில்லை. அழுதவர்களும் அதைக் கேட்டு அழவில்லை. இன்றும் ஆண்டுதோறும் அந்த நாளில் நம் அக்காமார் கடலுக்குப் பால் ஊற்றி, பூத்தூவி அழுவதைப் பார்க்கிறோம்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளில், மந்திரிப்பு முடிந்து எல்லாரும் தத்தம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு வயதான தாய் என்னிடம் வந்தார். "சாமி, எல்லாரும் அவங்கவங்க எடத்துல திரி ஏத்துறாங்க. எம் பேத்திக்கு நான் எங்க ஏத்துறது?" என்று கேட்டார். சுனாமியில் போன குழந்தை. உடல் கிடைக்கவில்லை.

ஆன்மா மட்டும் போதும் என்றால் அந்தத் தாய்க்கு விடை எளிது. பிள்ளை விண்ணகத்தில் இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அவர் தேடுவது அந்த முகத்தை. எண்ணெய் வைத்துத் தலைவாரிவிட்ட அந்தத் தலையை. இப்படித் தேடுவது தவறு என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. மகதலா மரியாவும் விடிவதற்கு முன்னே கல்லறைக்குப் போய் ஓர் உடலைத்தானே தேடினார்! அன்று மாலை அந்தத் தாயோடு தேவனாம்பட்டினம் கரைக்குப் போனேன். திருவெளிப்பாட்டின் 20ஆம் அதிகாரத்தில், கடல் தன்னிடம் இருந்த இறந்தோரைத் திருப்பி ஒப்படைத்ததாக யோவான் கண்ட காட்சியை வாசித்தேன். இன்றைய இரண்டாம் வாசகத்திலும், விண்ணிலும் மண்ணிலும் மண்ணுக்கு அடியிலும் உள்ளவற்றோடு, கடலில் உள்ள படைப்புகளும் சேர்ந்தே ஆட்டுக்குட்டியைப் போற்றுவதைக் கேட்டீர்கள். வேதம் கடலை மறக்கவில்லை. எங்கே புதைந்தார்கள் என்று நமக்குத் தெரியாதவர்களை ஆண்டவருக்குத் தெரியும். தகனம் செய்யப்பட்டவர்களையும் தெரியும். 1963 முதல் திருச்சபை அதையும் அனுமதித்திருக்கிறது. ஒன்றுமில்லாமையிலிருந்து உலகைப் படைத்தவருக்கு நாம் பத்திரப்படுத்திக் கொடுக்கும் எலும்பு தேவையில்லை.

சாவை எதிர்த்த ஏக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிய பேச்சும் அல்ல. சிதம்பரத்துக்கு அருகில் மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள் மரணமிலாப் பெருவாழ்வைப் பற்றித்தான் வாழ்நாள் முழுதும் பேசினார். இறந்தவர்களை எரிக்காமல் புதைக்கச் சொன்னார். 1867இல் வடலூரில் தரும சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு பசித்தவர்களுக்காக இன்னும் எரிகிறது. அவர் வழி வேறு, நம் வழி வேறு. சாவு அண்டாத உடலை அவர் நாடினார். நாமோ உண்மையாகவே செத்து, மூன்றாம் நாள் எழுந்த ஒருவரை நம்பியிருக்கிறோம். இந்த வேறுபாட்டை மழுப்ப நான் விரும்பவில்லை. ஆனாலும் ஒன்றை மதிப்போடு சொல்கிறேன். சாவை வெல்வது பற்றிப் பேசியவர் முதலில் பசியைப் போக்கினார். அவருக்கு அந்த இரண்டும் தனித்தனியாக இருக்கவில்லை. திபேரியக் கரையில் நின்ற நம் ஆண்டவருக்கும் தனித்தனியாக இருக்கவில்லை. உடலின் உயிர்ப்பை நம்புகிற நாம், பக்கத்து வீட்டு உடலின் பசியைப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? தடைக்காலம் முடிய இன்னும் பல வாரம் இருக்கிறது.

சாவுக்கு அப்பால் பார்த்த இன்னொருவராக, விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். அவருடைய தேம்பாவணி 36 படலங்கள் கொண்டது. காப்பியத் தலைவர் சூசையப்பர். அவர் சாவோடு நூல் முடிந்துவிடவில்லை. கடைசிப் படலத்தின் பெயர் முடிசூட்டுப் படலம். உளி பிடித்துக் காய்ப்பேறிய ஒரு தச்சருக்கு முடிசூட்டித்தான் முனிவர் எழுத்தாணியைக் கீழே வைத்தார்.

கடைசியாக, சொல்லத் தயங்குகிற ஒன்றைச் சொல்கிறேன். உடல் உயிர்க்கும் என்று நம்புகிற நாம், அந்த உடல்களை எங்கே, எப்படி வைக்கிறோம்?

திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுந்த சாதிச் சுவரைப் பற்றி நாடே பேசியிருக்கிறது. அது வேறு மறைமாவட்டம் என்று நாம் ஒதுங்க முடியாது. நம் உயர்மறைமாவட்டத்திலேயே, உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில், 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களுக்குள் சாதி மோதல் வெடித்துக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரண்டு தரப்பிலும் திருமுழுக்குப் பெற்றவர்கள். இரண்டு தரப்பும் பாஸ்கா திரியிலிருந்து நெருப்பு எடுத்தவர்கள். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. திருச்சபைக்குள் நிலவும் தீண்டாமை பாவம் என்பதில் ஆயர்களுக்கு ஐயம் இல்லை. நமக்கு ஏன் இன்னும் ஐயம்?

வாசலில் நிறுத்தப்பட்ட ஓர் உடலின் வேதனையைச் சிதம்பரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நந்தனார் கதையை அறியாதவர் அங்கே யார்? அதைச் சுட்டிக்காட்டிப் பிறரைக் குறை சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. செத்த பிறகும் ஒருவர் உடலுக்குப் பக்கத்தில் இன்னொருவர் உடல் கிடக்கக் கூடாது என்று நினைக்கிறவன், கடைசி நாளில் எக்காளம் ஒலிக்கும்போது என்ன செய்வான்? சுவருக்கு இந்தப் பக்கம் எழுந்தவர்கள் அந்தப் பக்கம் எழுந்தவர்களைக் கண்டு மறுபடியும் படுத்துக்கொள்வார்களா? பவுல் சொல்வதன்படி விதைக்கப்படுவது அழிவுக்குரியது, எழுவது அழியாதது. அழிவுக்குரியவற்றில் முதலில் மண்ணோடு மண்ணாக வேண்டியது சாதி. அதைப் பத்திரமாகச் சுவர் கட்டிக் காப்பாற்றிக்கொண்டு, உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று வாயால் சொல்கிறவன் உயிர்த்த கிறிஸ்துவை மறுதலிக்கிறான். பேதுருவைப் போல மும்முறை மட்டுமல்ல, ஒவ்வோர் அடக்கத்தின்போதும்.

இதைக் கேட்கச் சிலருக்குக் கோபம் வரலாம். முதல் வாசகத்தில் திருத்தூதர்கள் தலைமைச் சங்கத்தின் முன் நின்றதைக் கேட்டீர்கள். பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தும் பேசினார்கள்; அடி வாங்கினார்கள்; இயேசுவின் பெயருக்காக அவமானப்படத் தகுதி பெற்றோமே என்று மகிழ்ந்துகொண்டே வெளியே வந்தார்கள். உயிர்த்தவரைக் கண்ட பிறகு அவர்களுக்கு வேறு எதற்கும் அஞ்சத் தெரியவில்லை.

ஆகவே நம் பங்கில் இதைச் செய்வோம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பங்குப் பேரவை கூடுகிறது. அதற்குள் ஒவ்வோர் அன்பியத்திலும் நான்கு காரியங்களைப் பேசி முடிவெடுத்து வாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் யார் வீட்டுச் சாவானாலும் வரிசையில் அடுத்த காலி இடம் எதுவோ அதில்தான் குழி வெட்டப்படும். யாருடைய உடலானாலும் ஒரே சவ வண்டியில், ஒரே தெரு வழியாக, ஆலயத்தின் முன்வாசல் வழியாக உள்ளே வரும். கடலில் போய்க் கிடைக்காதவர்களின் பெயர்கள், ஆண்டு மாதத்தோடு, அடக்கப் பதிவேட்டில் தனிப் பக்கத்தில் எழுதப்படும். நவம்பர் 2 மந்திரிப்பு கல்லறையில் தொடங்கிக் கடற்கரையில் முடியும். பெயர்களை உபதேசியாரிடம் இந்த வாரமே கொடுங்கள். தடைக்காலத்தில் அரிசி தேவைப்படும் வீடுகளின் பட்டியலையும் அவரிடமே கொடுங்கள்.

இப்போது எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.